போன் தண்ணில உயுந்து ஆஃப் ஆயிட்ச்சு, அர்ஜென்ட்

வலைக்கயிறு:
தல, போன் தண்ணில உயுந்துட்ச்சு. எடுக்க சொல்லோ ஓடினுதான் இருந்துச்சு. அப்பால ஸ்க்ரீன்ல கோடு கோடா வந்து மொத்தமா ஆஃப். அரிசி டப்பால போட்டு வெச்சிகீறேன். எத்தினி மணி நேரம் வெக்கணும்? போட்டோ, ஜிபே எல்லாம் அதுலதான் கீது. சீக்கிரம் சொல்லுங்கப்பா.

பேசின் பிரிட்ஜ்:
இன்னா போன்? இன்னா தண்ணி, பக்கெட்டா, மழையா, சாக்கடையா? எடுத்த பிறகு சார்ஜ் போட்டீங்களா? பேட்டரி இன்னும் உள்ளயே கனெக்ட் ஆகிதான் இருக்கா? இது எதுவும் சொல்லாம மணி நேரம் கேட்டா நாங்க இன்னா ஜோசியமா பாக்கறோம்.

மஞ்சப்பை:
பச்சரிசின்னா வேஸ்ட். புழுங்கல்தான் ஈரம் இழுக்கும். 48 மணி நேரம், நடுவுல தொறந்து பாக்கவே கூடாது. கூட நாலு சிலிக்கா ஜெல் பாக்கெட் போடுங்க, ஷூ டப்பால இருக்கும்.

விதிமுறை வேலன்:
வணக்கம். தேடு பெட்டியில் 'தண்ணீர்' என்று தட்டச்சு செய்யத் தெரிந்திருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது. அரிசி, புழுங்கலோ பச்சையோ, போர்டின் மேல் உலோக மூடியாக இருக்கும் ஷீல்டுக்கு அடியில் நிற்கும் நீரை இழுக்காது. மாவும் தூசும் சார்ஜிங் துளைக்குள் போவதுதான் மிச்சம். ஆப்பிள் நிறுவனமே தன் உதவிப் பக்கத்தில் அரிசி வேண்டாம் என்று எழுதியிருக்கிறது. அடிப்படை விவரங்களுடன் கேள்வியைத் திருத்தி எழுதவும்.

மஞ்சப்பை:
அவரு ஐபோன்னு சொல்லவேல்லியே.

வலைக்கயிறு:
ரெட்மி. காசிமேட்டுல லாஞ்ச்லேர்ந்து எறங்க சொல்லோ உயுந்துச்சு, ஒடனே எடுத்துட்டேன். வூட்டாண்ட வந்து சார்ஜ் போட்டேன், ஏறல.

சோல்டர் பேஸ்ட்:
கடல் தண்ணியா! மொதல்லயே சொல்ல வேணாமா? அரிசிய வுட்டுட்டு இத படிங்க.

ஒரு லிட்டர் கடல் தண்ணில சுமார் 35 கிராம் உப்பு. அது கரண்ட்ட நல்லாவே கடத்தும். போனை ஆஃப் பண்ணாலும் பேட்டரி லைன்ல 4 வோல்ட் கிட்ட நின்னுகிட்டேதான் இருக்கும். உப்புத் தண்ணியும் அந்த வோல்டேஜும் சேந்தா கனெக்டர் பின், கெப்பாசிட்டர் முனை எல்லாம் அரிச்சுப் பச்சை பூக்கும். 'எடுத்தப்ப ஓடுச்சு, அப்புறம் செத்துச்சு'ன்னு எல்லாரும் சொல்றது இதனாலதான். காய வெச்சா தண்ணி போயிடும், உப்பு அங்கயேதான் இருக்கும். மறுபடி காத்து ஈரம் பட்டா உப்பு அத இழுத்துக்கும், அரிப்பு திரும்ப ஆரம்பிக்கும். அதனால காய வெக்கறது ரெண்டாவது வேலைங்க. மொத வேலை பேட்டரி கனெக்டரக் கழட்டறது, அப்புறம் உப்பக் கழுவறது. இனிமே சார்ஜர் பக்கமே போகாதீங்க, பவர் பட்டனையும் அமுக்கிப் பாக்காதீங்க.

ரெட்மில எந்த மாடல்?

ராயபுரம் 13:
கழுவறதா? தண்ணில உயுந்த போன மறுபடி தண்ணில போடச் சொல்றியா நைனா? ஹேர் டிரையர் வெச்சு ஊதுனா அரை மணில முடிஞ்சுது மேட்டர்.

சோல்டர் பேஸ்ட்:
டிரையர் காத்து தண்ணிய இன்னும் உள்ளதான் தள்ளும். சூடு பட்டா டிஸ்ப்ளே பசை இளகும். லித்தியம் பேட்டரிய 60 டிகிரிக்கு மேல காட்டவே கூடாது. பேட்டரியக் கழட்டின போர்டுக்குத் தண்ணியால ஒரு கெடுதலும் இல்ல, உப்பாலதான் கெடுதல்.

தின்னர் தாமு:
தண்ணியெல்லாம் வேணாம் பாஸ். நேரா ஐபிஏ (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) ஊத்தி பிரஷ் போடுங்க, இல்லன்னா தின்னர். முக்காவாசிக் கடைல இதான் நடக்குது.

சோல்டர் பேஸ்ட்:
அங்கதான் தப்பு. சமையல் உப்பு ஐபிஏல கரையவே கரையாதுன்னு வெச்சுக்கலாம், தண்ணிலதான் கரையும். கடல்ல விழுந்த போர்டுக்கு மொதல்ல டிஸ்டில்டு வாட்டர், அப்புறம் 99 சதவீத ஐபிஏ. தண்ணி உப்பக் கரைச்சு எடுக்கும், ஐபிஏ அந்தத் தண்ணிய வெளிய தள்ளிட்டு சீக்கிரம் ஆவியாகிடும். மெடிக்கல்ல கிடைக்கற 70 சதவீத ஸ்பிரிட்ட வாங்கிடாதீங்க, மீதி தண்ணிதான். தின்னர் கேமரா லென்ஸ் பிளாஸ்டிக்கையும் மைக் ரப்பரையும் தின்னுடும், நெருப்பு பயம் வேற. துறைமுகத் தண்ணின்னா மேல டீசல் படலமும் இருக்கும். அது வெறும் தண்ணிக்குப் போகாது, அதுக்கும் சேத்துதான் ஐபிஏவும் பிரஷும்.

ராயபுரம் 13:
டிஸ்டில்டு வாட்டருக்கு எங்க போறது? கொழாத் தண்ணி ஊத்தினா ஆவாதா?

பேசின் பிரிட்ஜ்:
இன்வர்ட்டர் பேட்டரிக்கு ஊத்துவாங்களே அதான். பேட்டரிக் கடைல கேன்ல இருக்கும். அவசரத்துக்கு ஆர்ஓ கேன் தண்ணி பரவால்ல. போர் தண்ணி மட்டும் வேணாம், நம்ம பக்கம் போர்ல வர்றதே பாதி உப்புதான்.

எண்ணூர் எக்ஸ்பிரஸ்:
மெட்ரோ தண்ணியே போதும். நெம்மேலில கடல் தண்ணியக் குடிநீராக்கற ஆலைல உப்பு எடுத்துட்டுதான வுடறாங்க.

பேசின் பிரிட்ஜ்:
நெம்மேலி தென்சென்னைக்குப்பா. நம்ம பக்கத்து ஆலை மீஞ்சூர் காட்டுப்பள்ளி.

எண்ணூர் எக்ஸ்பிரஸ்:
எதுவா இருந்தா இன்னா, கொழால ஒழுங்கா வருதா மொதல்ல? எங்க தெருவுல லாரிதான்.

பேசின் பிரிட்ஜ்:
லாரிதான் வருதுன்னா அது எந்தக் கிணத்துத் தண்ணின்னு உனக்கே தெரியாது. அத ஊத்தச் சொல்றியா?

விதிமுறை வேலன்:
குடிநீர் வாரியப் பிரச்சினைகளுக்குத் தனிப் பிரிவு உண்டு. இழையின் தலைப்பை ஒருமுறை படிக்கவும்.

வலைக்கயிறு:
நோட் 8. வூட்லயே கயட்டலாமா?

சோல்டர் பேஸ்ட்:
நோட் 8க்குப் பின்னாடி கண்ணாடி. கைரேகை சென்சார் அந்தக் கண்ணாடிலயே ஒட்டியிருக்கும், அதோட ஃப்ளெக்ஸ், அதாவது மெல்லிசான பட்டை வயரு, போர்டுல மாட்டியிருக்கும். முரட்டுத்தனமா இழுத்தா ஃப்ளெக்ஸ் கிழியும், கைரேகை போச்சு. விளிம்ப மட்டும் லேசா சூடு காட்டி, சக்ஷன் கப்ல கொஞ்சம் தூக்கி, பழைய எக்ஸ்ரே ஃபிலிமை வெட்டி உள்ள வுட்டு சுத்திக்கினே வாங்க. பாதி தூக்கினதும் ஃப்ளெக்ஸக் கழட்டிட்டு அப்புறம் பேனலை எடுங்க. ஸ்க்ரூ எது எங்கேர்ந்து வந்துச்சுன்னு ஒரு பேப்பர்ல படம் போட்டு அங்கங்க செல்லோடேப்ல ஒட்டிடுங்க. நீளம் மாறி மாட்டினா போர்டுல ஓட்டை விழும்.

மேல் பிளாஸ்டிக் கவர் கழண்டதும் மொத மொதல்ல பேட்டரி கனெக்டர். இரும்பு டூல் கூடாது, பிளாஸ்டிக்தான். பேட்டரி உப்பியிருந்தா நெம்பவே நெம்பாதீங்க. குத்துப்பட்டா தீப்பிடிக்கும். கடல் தண்ணி குடிச்ச பேட்டரிய மறுபடி நம்பவும் வேணாம், பிஎன்46னு கேட்டுப் புதுசு வாங்கிக்கலாம்.

அடியில இருக்கற சார்ஜிங் சப் போர்டுலதான் மொதல்ல பச்சை பூக்கும். அது கம்மி விலை, மாத்திடலாம். மெயின் போர்டுல ஷீல்டுக்கு அடியில பவர் ஐசி (கரண்ட்டப் பிரிச்சுக் குடுக்கற சிப்) இருக்கு. அங்க உப்பு போயிருந்தா ஷீல்டைத் தூக்காம கழுவி பிரயோஜனமில்ல. ஹாட் ஏர் (சூடு காத்துல சோல்டர இளக்கற மெஷின்) இல்லன்னா அந்த வேலைய கடைக்கு வுட்டுடுங்க.

தின்னர் தாமு:
கடைக்காரன் அல்ட்ராசானிக் மெஷின்ல (அதிர்வால கழுவறது) போட்டுட்டு அதுக்கே தனியா காசு கேப்பான். அது ஏமாத்து வேலைதான?

சோல்டர் பேஸ்ட்:
ஏமாத்து இல்ல. பிரஷ் போகாத இடத்துக்கு, ஐசிக்கு அடியில, அதான் போகும். ஆனா டிஸ்ப்ளே, கேமரா, மைக், பேட்டரி எல்லாத்தையும் கழட்டின வெறும் போர்டைத்தான் போடணும். அப்படியே முழுசா போட்டா மைக்கும் கேமரா ஆட்டோஃபோக்கஸும் காலி.

கழுவி, காய வெச்சதும் நேரா பேட்டரிய மாட்டக் கூடாது. மல்டிமீட்டர டயோடு மோடுல வெச்சு, சிவப்பு முனை கிரவுண்ட்ல, கருப்பு முனை பேட்டரி கனெக்டர் பிளஸ்ல. 0.3லேர்ந்து 0.5 வோல்ட்டுக்குள்ள காட்டினா நல்லது. பூஜ்யம் காட்டிக் கத்துச்சுன்னா ஷார்ட். பவர் சப்ளைல 4 வோல்ட் குடுத்தா, பட்டன் அமுக்கறதுக்கு முன்னாடி ஆம்பியர் எதுவும் இழுக்கக் கூடாது. இழுத்தா லீக். ஷார்ட் எங்கன்னு தேட ஒரு வோல்ட் மட்டும் குடுத்து போர்டு மேல ஐபிஏ தடவுங்க. எந்தக் கெப்பாசிட்டர் மேல மொதல்ல காயுதோ அதான் சூடாவுது. அத எடுத்துட்டாலே பல போர்டு எழுந்துக்கும்.

பேசின் பிரிட்ஜ்:
போட்டோதான் முக்கியம்னா ஒண்ணு கேக்கறேன். அதுல மெமரி கார்டு தனியா போடலாம். போட்டிருக்கீங்களா? கேமரா செட்டிங்ல கார்டுல சேவ் ஆகற மாதிரி இருந்துச்சா? கார்டு இல்லன்னா போர்டு உயிரோட எழுந்தாத்தான் டேட்டா. மெமரி ஐசிய மட்டும் கழட்டி எடுக்கற கதை இப்ப நடக்காது. டேட்டா என்கிரிப்ட் ஆகி, அதாவது பூட்டி இருக்கும், அதத் தொறக்கற சாவி பிராசசரோட கட்டிப் போட்டது.

சிம்மை எடுத்து அதோட மெட்டல் பின்ன ஐபிஏல தொடைச்சு வேற போன்ல போடுங்க. ஜிபேவுக்கு எஸ்எம்எஸ் அந்த நம்பர்லேர்ந்து போகணும், அவ்ளோதான். பணம் பேங்க்லதான் இருக்கு, போன்ல இல்ல.

மஞ்சப்பை:
ரிச்சி ஸ்ட்ரீட்டா பர்மா பஜாரா, எங்க குடுக்கலாம்?

சோல்டர் பேஸ்ட்:
சிப் லெவல் வேலைக்கு ரிச்சி. தண்டையார்பேட்டைல மெட்ரோ ஏறினா அரசினர் தோட்டத்துல எறங்கி நடக்கலாம். ஞாயித்துக்கிழமைன்னா பாதிக் கடை மூடியிருக்கும், அன்னிக்குப் போகாதீங்க. மைக்ராஸ்கோப், பவர் சப்ளை மேசை மேலயே இருக்கற கடையாப் பாருங்க. கடல் தண்ணின்னு மறைக்காம சொல்லுங்க. 'சாஃப்ட்வேர் போட்டுப் பாக்கலாம்'னு ஆரம்பிச்சா போனை வாங்கிட்டு வெளிய வந்துடுங்க. ஃப்ளாஷ் பண்ணா, அதாவது சாஃப்ட்வேர மறுபடி ஏத்தினா, உப்பும் போகாது, போட்டோ மட்டும் போகும்.

விதிமுறை வேலன்:
இத்தனைக்கும் கேள்வி கேட்டவரைக் காணோம். வழக்கம்போல.

வலைக்கயிறு:
கார்டு வேற போன்ல ஓடுது தல. போட்டோ பாதி கீது. போன கடைல குட்த்துட்டேன், சப் போர்டு பூரா பச்சைன்றான். நாளிக்கி வரச் சொல்லிகீறான். தேங்க்ஸ்.

சோல்டர் பேஸ்ட்:
சப் போர்டு மட்டும் மாத்திட்டுக் குடுப்பானா, இல்ல மெயின் போர்டு ஷீல்டைத் தூக்கிக் கழுவறானா? இப்பவே போன் போட்டுக் கேளுங்க. தூக்கலன்னா இப்ப ஓடும், கொஞ்ச நாள்ல மறுபடி படுத்துடும்.

பேசின் பிரிட்ஜ்:
அந்த நம்பர் சிம்ம எந்த போன்ல போட்டிருக்காரோ, மொதல்ல அத சொல்லட்டும்.