தண்ணீர்ப் பாட்டிலில் இருந்த தின்னரைக் குழந்தை குடித்துவிட்டான்: வாந்தி எடுக்க வைத்தது ஏன் தவறு?

கேள்வி: இருபது மாதக் குழந்தையின் தாய், தருமபுரி

அனைவருக்கும் வணக்கம். சென்ற வாரம் எங்கள் வீட்டுக் கம்பிக் கதவுக்குப் பெயின்ட் அடித்தார்கள். மீந்துபோன தின்னரைப் பெயின்டர் ஒரு காலித் தண்ணீர்ப் பாட்டிலில் ஊற்றி, மறுநாள் வேலைக்கு ஆகும் என்று படிக்கட்டுக்குக் கீழே வைத்துவிட்டுப் போனார். அவர் வைத்ததை நான் பார்த்தேன். அடுப்பு வேலை முடிந்ததும் எடுத்துப் பரணில் வைத்துவிடலாம் என்று நினைத்தேனே தவிர, உடனே எடுக்கவில்லை. கால் மணி நேரத்திற்குள் என் மகன் மூடியைத் திறந்து வாயில் வைத்துவிட்டான். இருமல் சத்தம் கேட்டு ஓடியபோது அவன் சட்டை முழுவதும் தின்னர் வாடை வீசியது.

என் மாமியார் பதறிப்போய் ஒரு டம்ளர் உப்புத் தண்ணீரைப் புகட்டி, தொண்டையில் விரல் விட்டு வாந்தி எடுக்க வைத்தார். அதன் பிறகே ஆட்டோவில் மருத்துவமனைக்குப் போனோம். இரண்டு நாள் ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டான், நன்றாக விளையாடுகிறான். ஆனால், "வாந்தி எடுக்க வைத்ததால்தான் சளி போல நெஞ்சில் இறங்கிவிட்டது" என்று அங்கிருந்த மருத்துவர் கடிந்துகொண்டதிலிருந்து என் மாமியார் சரியாகச் சாப்பிடுவதில்லை. உள்ளே போன விஷத்தை வெளியே எடுப்பது எப்படித் தவறாகும் என்பது எனக்கும் புரியவில்லை. வீட்டில் எதையெல்லாம் மாற்ற வேண்டும், அவரிடம் இதை மனம் நோகாமல் எப்படிச் சொல்வது என்று அனுபவம் உள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

பதில் 1: குழந்தைநல மருத்துவர், தஞ்சாவூர்

சகோதரி, குழந்தை நலமாக இருப்பது பெரும் நிம்மதி. முதலில் உங்கள் மாமியாருக்கு ஒன்றைச் சொல்லிவிடுங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது பல தலைமுறைகளாக நம் வீடுகளில் சொல்லப்பட்டு வந்த முதலுதவிதான். மருத்துவர்களாகிய நாங்களும் அந்த வழியில் இருந்து மாறியவர்களே. வாந்தி வரவழைப்பதற்கென்று அமெரிக்காவில் வீடுதோறும் வாங்கி வைத்திருந்த இபிகாக் என்ற மருந்தை இனி வீட்டில் பயன்படுத்த வேண்டாம் என்று அந்நாட்டுக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2003ஆம் ஆண்டில்தான் அறிவித்தது.

மண்ணெண்ணெய், தின்னர், டர்பன்டைன், பெட்ரோல் ஆகியவை வயிற்றில் இருக்கும்போது செய்யும் கேடு பெரும்பாலும் குறைவு. அவை நுரையீரலுக்குள் போவதுதான் ஆபத்து. தண்ணீரை விட எளிதில் பரவும் இந்தத் திரவங்கள், விழுங்கும்போதோ வாந்தியின்போதோ தொண்டையிலிருந்து ஒரு துளி மூச்சுக்குழாய்க்குள் நழுவினாலும், உள்ளே வெகுதூரம் படர்ந்துவிடும். காற்றுப்பைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் மெல்லிய பூச்சு ஒன்று நம் நுரையீரலில் உண்டு. அதை இவை கரைத்துவிடுவதால் குழந்தைக்கு மூச்சு இரைக்கிறது, காய்ச்சல் வருகிறது. உங்கள் மகன் குடித்தவுடனேயே இருமியிருக்கிறான் என்றால் ஓரளவு அப்போதே உள்ளே போயிருக்கும். எனவே, நடந்த அனைத்துக்கும் அந்த வாந்தி மட்டுமே காரணம் என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. இதையும் உங்கள் மாமியார் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் ஒவ்வொரு வாந்தியும் அத்திரவம் மறுபடி தொண்டையைக் கடக்க இன்னொரு வாய்ப்பு என்பதால்தான் வேண்டாம் என்கிறோம். இதே காரணத்துக்காகவே மண்ணெண்ணெய் குடித்த குழந்தைக்கு மருத்துவமனையிலும் வழக்கமாக வயிற்றைக் கழுவுவதில்லை, விஷத்தை உறிஞ்சும் கரித்தூளும் கொடுப்பதில்லை. நனைந்த உடையைக் கழற்றி, உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஆறு மணி நேரமாவது கண்காணித்து, மூச்சு வேகம், இருமல், காய்ச்சல் எதுவும் இல்லாவிட்டால் மட்டுமே வீட்டுக்கு அனுப்புகிறோம்.

கழிவறை ஆசிட் போன்ற அரிக்கும் பொருள்களில் வாந்தி இன்னும் கொடியது. இறங்கும்போது ஒரு முறை வெந்த உணவுக்குழாய், ஏறும்போது மறுமுறை வேகும். உப்புத் தண்ணீருக்கோ தனியாகவே ஒரு தீங்கு உண்டு. சின்னக் குழந்தையின் உடலில் ஒரேயடியாக உப்பு ஏறினால் மூளை பாதிக்கப்பட்டு வலிப்பு வரும், உயிரும் போகக்கூடும். ஆகவே வீட்டில் வாந்தி எடுக்க வைக்க வேண்டிய விஷம் என்று ஒன்றுகூட இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். எது, எவ்வளவு, எப்போது என்ற மூன்றையும் மனத்தில் குறித்துக்கொண்டு, பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு 108-ஐ அழைப்பதே முதலுதவி. டெல்லி எய்ம்ஸில் இயங்கும் தேசிய விஷத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117. இரண்டையும் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள்.

பதில் 2: ஓய்வுபெற்ற செவிலியர், திருநெல்வேலி

முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசு மருத்துவமனைகளில், அதில் பாதிக் காலம் குழந்தைகள் வார்டில் பணிபுரிந்தவள் நான். கோடை பிறந்தாலே மண்ணெண்ணெய் குடித்த குழந்தைகள் வரத் தொடங்கிவிடுவார்கள். தாகத்தோடு விளையாடி வரும் பிள்ளைக்குத் தண்ணீர்ப் பாட்டில் என்றால் தண்ணீர்தான். வாடையைப் பார்த்து ஒதுக்குகிற வயது அதற்கு இல்லை. ரேஷன் மண்ணெண்ணெய் நீல நிறத்தில் இருந்தும் குடித்தார்கள் என்றால், நிறமில்லாத தின்னரைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? ஆகையால் மருத்துவர் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். எந்தத் திரவத்தையும் அது வந்த டப்பாவை விட்டு வேறு பாட்டிலுக்கு மாற்றாதீர்கள், வீட்டுக்கு வேலைக்கு வருகிறவர்களையும் மாற்றவிடாதீர்கள். குழந்தையைக் கண் இமைக்காமல் பார்த்துக்கொள்வேன் என்று எந்தத் தாயாலும் சொல்ல முடியாது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே குடித்த பிள்ளைகள் எத்தனையோ பேர். பொருளை இடம் மாற்றுவதுதான் நம் கையில் இருக்கிறது. சுவரில் செருகி வைக்கும் கொசுவிரட்டித் திரவத்திலும் மண்ணெண்ணெய் வகை எண்ணெய் உண்டு என்பதைப் பலர் அறிவதில்லை. அந்தச் சிறு பாட்டில் சரியாகக் குழந்தையின் கை எட்டும் உயரத்தில்தான் பல வீடுகளில் தொங்குகிறது.

இன்னொன்று, பெற்றோர் உண்மையை மறைப்பது. விஷம் என்று சொன்னால் ஏ.ஆர். என்னும் விபத்துப் பதிவேட்டில் பதிவார்கள், காவல் நிலையத்துக்குத் தகவல் போகும் என்ற அச்சத்தில், "ஏதோ சாப்பிட்டான், வாந்தி எடுக்கிறான்" என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்பார்கள். அந்தப் பதிவு நடைமுறைதான். தவறுதலாகக் குடித்த குழந்தையின் தாயை அதற்காக யாரும் சிறையில் அடைப்பதில்லை. மறைப்பதால் போவது நேரம். எலிப் பசையில் இந்த மறைப்பு உயிரையே வாங்கும். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த அந்தப் பசையைத் தின்ற குழந்தை முதல் நாள் இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டு, அடுத்த ஓரிரு நாள் நன்றாக இருப்பது போலவே தெரியும். அப்பாடா என்று வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். மூன்றாம் நான்காம் நாளில் கண் மஞ்சளாகிக் கல்லீரல் செயலிழந்து திரும்பி வருவார்கள். அதற்கு முறிமருந்து கிடையாது. தமிழ்நாட்டில் அந்தப் பசைக்குத் தடை வந்துவிட்டது. பழைய ட்யூப் எதுவும் பரணிலோ மாட்டுக் கொட்டகையிலோ கிடந்தால் இன்றே அப்புறப்படுத்துங்கள். அதைத் தின்றிருக்கலாம் என்ற ஐயம் இருந்தாலே போதும், குழந்தை சிரித்துக்கொண்டிருந்தாலும் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

பதில் 3: மூன்று வயது மகளின் தந்தை, கோவை

என் மகளுக்கு நேர்ந்தது குடித்ததல்ல, விழுங்கியது. ஆனாலும் இங்கே எழுத வேண்டியது என்று தோன்றுகிறது. ஒரு நாள் இரவு எச்சில் ஒழுகியது, சோறு வேண்டாம் என்று அழுதாள். தொண்டை வலி என்று நினைத்து மருந்து வாங்கிக் கொடுத்தோம். மறுநாள் காலையில் விளக்கின் ரிமோட் மூடி திறந்து கிடந்ததை என் மனைவி பார்த்தார். உள்ளே நாணயம் போன்ற பேட்டரி இல்லை. எக்ஸ்ரே எடுத்தபோது உணவுக்குழாயில் சிக்கியிருந்தது. அன்றே எண்டோஸ்கோப்பி மூலம் எடுத்துவிட்டார்கள், ஆனால் உட்சுவர் வெந்திருந்தது. அந்த இடம் ஆறும்போது குழாய் சுருங்கிவிட்டதால், விரித்துவிடுவதற்காக ஐந்து மாதங்களில் நான்கு முறை அழைத்துப் போனோம். இப்போது இட்லியும் சோறும் சாப்பிடுகிறாள்.

அந்தப் பேட்டரி 20 மில்லிமீட்டர் அகலமும் 3 வோல்ட் மின்னழுத்தமும் கொண்டது. ஈரமான சதையில் ஒட்டியதும் மின்சாரம் பாய்ந்து அவ்விடத்திலேயே சதையை அரிக்கும் காரப் பொருள் (ஆல்கலி) உருவாகி, இரண்டு மணி நேரத்திற்குள் வேகத் தொடங்கிவிடும் என்று அங்குதான் தெரிந்துகொண்டேன். தேய்ந்துபோனது என்று நாம் கழற்றி மேசை மீது வைக்கும் பேட்டரிக்கும் அந்த ஆற்றல் மிச்சம் இருக்குமாம். ஸ்க்ரூ போட்டு மூடாத பேட்டரி உள்ள எந்தப் பொருளும் இப்போது எங்கள் வீட்டில் கிடையாது. வழியில் தேன் கொடுக்கலாம் என்று பின்னர் ஒருவர் சொன்னார். அது சரியா என்பதை மருத்துவர் ஐயாதான் கூற வேண்டும்.

பதில் 4: குழந்தைநல மருத்துவர், தஞ்சாவூர்

சரிதான், ஆனால் வரம்போடு. குழந்தைக்கு ஒரு வயது நிறைந்திருக்க வேண்டும், விழுங்கிப் பன்னிரண்டு மணி நேரத்திற்குள் இருக்க வேண்டும், விழுங்க முடிகிற நிலையில் இருக்க வேண்டும். அப்படியானால் மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு தேக்கரண்டி, அதிகபட்சம் ஆறு முறை கொடுக்கலாம். தேன் புண்ணின் ஆழத்தைக் குறைக்குமே தவிர பேட்டரியை வெளியே கொண்டுவராது. தேன் தேடி ஐந்து நிமிடம் தாமதிப்பதை விடக் கையில் இல்லாமல் புறப்படுவதே மேல். பிற விஷங்களுக்கு இது பொருந்தாது என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

பதில் 5: நான்கு பேரக்குழந்தைகளின் பாட்டி, காரைக்குடி

மகளே, மாமியாரிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டிருந்தாய். அந்த மாமியாரின் இடத்தில் நின்றவள் நான் என்பதால் சொல்கிறேன். எங்கள் வீட்டுச் சாமி அறையில் தாம்பாளத்தில் கற்பூர வில்லைகள் எப்போதும் இருக்கும். இரண்டரை வயதுப் பேரன் கற்கண்டு என்று நினைத்து வாயில் போட்டு மென்றுவிட்டான். வாயைத் துடைத்துவிட்டு, சாமிப் பொருள் என்ன செய்துவிடும் என்று இருந்துவிட்டேன். அரை மணி நேரத்திற்குள் கண் செருகி வலிப்பு வந்தது. ஒரு கிராம் அளவே சின்னக் குழந்தையின் உயிரைப் பறிக்கப் போதுமானது என்று மருத்துவமனையில் சொன்னபோது எனக்குக் கால் நிற்கவில்லை. பிள்ளை பிழைத்தான்.

அதன் பிறகு என் மருமகள் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. மூன்றாம் நாள் ஒரு பூட்டும் சாவியும் வாங்கி வந்து, "அத்தை, கற்பூரம், அந்துருண்டை, உங்கள் சர்க்கரை மாத்திரை, கழிவறை ஆசிட் எல்லாம் இனி இந்த அலமாரியில்தான், சாவி உங்களிடமே இருக்கட்டும்" என்று என் கையில் கொடுத்தாள். அன்று இரவுதான் நான் வயிறாரச் சாப்பிட்டேன். உன் மாமியாருக்குத் தேவை ஆறுதல் மொழி அல்ல, பொறுப்பு. இனி இந்தப் பிள்ளையை என்னிடம் நம்பி விட மாட்டார்களோ என்ற அச்சம்தான் அவர் தொண்டையில் சோற்றை இறங்கவிடாமல் செய்கிறது. வீட்டைச் சுற்றிப் பார்த்துக் குழந்தை எட்டும் பொருள்களை எடுக்கும் வேலையை அவரிடமே ஒப்படை. தரையில் உட்கார்ந்து பிள்ளையின் உயரத்திலிருந்து பார்க்கச் சொல். தோட்டத்தில் அரளி இருந்தால் அதையும் அவர் கண்ணில் காட்டு.

கேட்டவரின் மறுமொழி

எல்லோருக்கும் என் நன்றி. மருத்துவர் ஐயாவின் முதல் பதிலை இரண்டு முறை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். "குடித்தவுடனேயே இருமினான்" என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லி, மறுபடி வாசிக்கச் சொன்னார். பிறகு வெகுநேரம் அழுதார். இன்று காலை அவரே படிக்கட்டுக்கு அடியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தந்தார்: பாதி பினாயில் இருந்த குளிர்பானப் பாட்டில், மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்து, இரண்டு பழைய பேட்டரிகள். நானே வைத்து மறந்தவைதான் அவற்றில் அதிகம். அலமாரிக்குப் பூட்டு வாங்க என் கணவர் போயிருக்கிறார். வெள்ளிக்கிழமை மறுபரிசோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். எக்ஸ்ரே பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.