பிஸ்கட் டின்னுக்குள் 1857: யூட்டாவில் பழைய குடும்பக் காகிதங்களோடு நமக்கு நேர்ந்தவை

லீஹையிலிருந்து

ஜூலை 24 இங்கே, அமெரிக்காவின் யூட்டாவில், மாநில விடுமுறை. 1847-ல் மார்மன் என்ற கிறிஸ்தவ சபையின் தலைவர் பிரிகாம் யங்கின் கூட்டம் சால்ட் லேக் பள்ளத்தாக்கில் வந்து இறங்கிய நாள். ஏழு வருடமாக எனக்கு அது வாணவேடிக்கை பார்க்கிற நாள், அவ்வளவுதான். போன வருடம் அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பாட்டி வேலியோரம் வந்து, "உன்னிடம் ஸ்கேனர் இருக்கிறதாமே?" என்று கேட்டார்.

அவர் சமையலறை மேசையில் ஒரு பிஸ்கட் டின். உள்ளே பதினாறு கடிதங்கள், ஒரு சிறு நோட்டு, யாரென்று எழுதாத நான்கு போட்டோக்கள். கடிதங்கள் பாட்டியின் கொள்ளுப்பாட்டி எழுதியவை. 1856-ல் கைவண்டி இழுத்து வந்தவர். மாட்டு வண்டி வாங்க வசதியில்லாத மார்மன்கள் அயோவாவிலிருந்து இரண்டு சக்கர வண்டியில் சாமானைப் போட்டு ஆயிரத்துச் சொச்சம் மைல் நடந்தே வந்தார்கள். 1856-லிருந்து 1860 வரை பத்துக் கூட்டங்கள், ஏறக்குறைய மூவாயிரம் பேர். ஆளுக்கு 17 பவுண்டு சாமான்தான் அனுமதி. துணி, போர்வை, பாத்திரம் எல்லாம் அதற்குள். நாம் விமானத்தில் கையில் எடுத்துப் போகிற பையே அதற்கு மேல் இருக்கும்! அதில் காகிதத்துக்கு எங்கே இடம்? இந்தக் கடிதங்கள்கூட இங்கிலாந்திலிருந்த தங்கைக்கு எழுதியவை. தங்கை பின்னாளில் புறப்பட்டு வந்தபோது அத்தனையையும் கட்டி எடுத்து வந்தாளாம். அவள் மட்டும் அடுப்பில் போட்டிருந்தால் கதை முடிந்திருக்கும்.

1857-ம் வருடக் கடிதம் ஒன்றை விரித்தால் கண் கூசியது. பக்கம் முழுக்க எழுதி முடித்துவிட்டு, தாளைக் குறுக்கே திருப்பி அதன் மேலேயே இன்னொரு பக்கம் எழுதியிருக்கிறார். தாளும் மிச்சம், தபால் கூலியும் மிச்சம். பாய் பின்னினது மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் ஒரே திசையில் பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு வரிசை மேலே எழும்பி வரும், மற்றது அடங்கிவிடும்.

சரி, என் பாவத்தையும் சொல்லிவிடுகிறேன். நடு மடிப்பில் யாரோ செல்லோடேப் ஒட்டியிருந்தார்கள். பழுத்து, முனை தூக்கிக்கொண்டு நின்றது. சுத்தமாக ஸ்கேன் விழட்டுமே என்று நகத்தால் மெல்ல உரித்தேன். டேப்போடு ஒரு வார்த்தையும் வந்துவிட்டது. பாட்டி எதுவும் சொல்லவில்லை. "அது என் அம்மா ஒட்டினது" என்றார், அவ்வளவுதான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இங்கே யாருக்காவது இந்த மாதிரிக் காகிதங்களோடு பழக்கம் உண்டா? உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள். டேப்பை என்ன செய்வது என்றும் சொல்லுங்கள்.

லோகனிலிருந்து

நான் இங்கே ஒரு பழைய மார்மன் வீட்டு மருமகள். ஊர் மதுரைப் பக்கம். கணவருடைய முப்பாட்டனாருக்கு மூன்று மனைவிகள். மூத்த தாரத்து வீட்டில் நாட்குறிப்பு, இரண்டாம் தாரத்து வீட்டில் கடிதங்கள், மூன்றாமவர் வழியில் ஒரு பைபிளும் அதன் முன்பக்கத்தில் பிறப்பு இறப்புப் பட்டியலும். மூன்று கிளையும் ஒன்றாகப் படித்தால்தான் ஒரு வருடம் முழுசாகத் தெரியும். ஆனால் ஒன்றாக உட்கார மாட்டார்கள். நாட்குறிப்பை யார் வைத்துக்கொள்வது என்று 1970களில் தொடங்கிய மனஸ்தாபம் இன்னும் ஓடுகிறது. முதல் தடவை கேட்டபோது எங்கள் ஊர் வயல் பாகப்பிரிவினைதான் ஞாபகம் வந்தது.

1880களின் கடிதங்கள் வேறு மாதிரி. எட்மண்ட்ஸ் சட்டம் 1882-ல் வந்தபிறகு பலதார மணம் செய்தவர்களைப் போலீஸ் தேடிப் பிடித்தது. ஆண்கள் தலைமறைவானார்கள், பொய்ப்பெயரில் கடிதம் எழுதினார்கள். எங்கள் கடிதக் கட்டுக்குள் ஒரே கையெழுத்தில் இரண்டு பெயர்கள் வருகின்றன. இதைக் கண்டுபிடித்தது என் பதினொரு வயது மகள், 'டி' என்ற எழுத்தின் வாலை வைத்து! ஒரு தலைமுறை முழுக்க அந்த இரண்டாம் பெயர்க் கடிதங்களை "யாரோ நண்பர் எழுதியது" என்று வேறு பெட்டியில் போட்டு வைத்திருந்தார்கள்.

நாட்குறிப்பில் மூன்று தாள்கள் கத்தரியால் வெட்டி எடுக்கப்பட்டிருக்கின்றன. ஓரம் நேர்க்கோடாக இருக்கிறது, பூச்சி வேலை இல்லை. யார் வெட்டினார்கள் என்று கேட்டால் எல்லோரும் உருளைக்கிழங்கு பரிமாற எழுந்துவிடுவார்கள்.

சாண்டியிலிருந்து

சின்னக் கதை. ஆபீஸில் ஒரு நண்பர், "இது உங்கள் மொழியா பார்" என்று செல்போனில் ஒரு பக்கம் காட்டினார். வளைவும் கொக்கியுமாக, நிஜமாகவே ஏதோ தென்னிந்திய எழுத்தைக் கண்ணாடியில் பார்ப்பது போல இருந்தது. அவர் தாத்தாவுக்குத் தாத்தாவின் நோட்டாம். வீட்டில் அறுபது வருடமாக ஹீப்ரு என்று சொல்லி வந்திருக்கிறார்கள்.

தேடிப் பார்த்தால் அது டெசரெட் எழுத்து. ஆங்கிலத்தை ஒலிப்படி எழுத 1850களில் இங்கேயே உண்டாக்கிய 38 எழுத்துகள். 1868-ல் பள்ளிப் பாடநூல்கூட அச்சடித்தார்கள், ஆனால் ஊர் ஏற்கவில்லை. ஒரு எழுத்துக்கு ஒரு ஒலி என்பதால் எங்களுக்கு இரண்டு மத்தியான இடைவேளை போதுமானதாக இருந்தது. உள்ளே இருந்தது ரகசியமும் இல்லை, வேதமும் இல்லை. யார் யாருக்கு எத்தனை புஷல் கோதுமை பாக்கி என்ற கணக்கு. நண்பர் முகத்தில் லேசான ஏமாற்றம். எனக்கென்னவோ அதுதான் பிடித்தது.

புரோவோவிலிருந்து

லீஹை அண்ணா, முதலில் டேப்புக்குப் பதில். மிச்சமிருக்கிற டேப்பைத் தொடாதீர்கள். பசை தாளுக்குள் ஊறியிருக்கும், அதை எடுப்பது பயிற்சி பெற்ற கைகளின் வேலை. உரித்து வந்த துண்டைத் தூக்கிப் போட்டுவிட்டீர்களா? இல்லையென்றால் அமிலமில்லாத சிறு உறையில் போட்டு, உறைமேல் பென்சிலால் எந்தக் கடிதம், எந்த வரி என்று எழுதி அதே கட்டுக்குள் வையுங்கள். வார்த்தை டேப்பில் இருக்கிறது, தொலையவில்லை.

நான் படிக்கும்போது இங்கே ஒரு நூலகத்தின் காகிதப் பராமரிப்புப் பிரிவில் இரண்டு வருடம் பகுதிநேர வேலை பார்த்தேன். அங்கே வந்தவற்றில் பாதி, வெள்ளமோ இராமபாணப் பூச்சியோ கெடுத்தவை அல்ல. பிரியமானவர்கள் கெடுத்தவை. லேமினேட் செய்த திருமணச் சான்று, பசை அட்டை ஆல்பத்தில் ஒட்டிப் பிரிக்க முடியாமல் போன போட்டோ, மங்கின எழுத்து மேல் பால்பாயின்ட் பேனாவால் பேத்தி ஓட்டிய கோடு.

அந்தக் கால மை நம் ஊர் நாட்டு மருந்துக் கடைச் சரக்குதான்: மாசிக்காய், அன்னபேதி, வேலம் பிசின். எழுதும்போது வெளிறி இருந்து, காற்றுப் பட்டுக் கறுத்து, வருடம் போகப் போகப் பழுப்பாகும். அதிலுள்ள அமிலம் தாளைத் தின்னும். மை கனமாக விழுந்த இடத்தில் எழுத்தே உதிர்ந்து ஓட்டை தெரியும். அதனால் ஈரத்துணியால் துடைக்கிற எண்ணமே வேண்டாம். இதில் வேடிக்கை, 1850களின் கந்தல் துணிக் காகிதம் இன்றும் மடங்கி நிமிர்கிறது. பின்னால் வந்த மரக்கூழ்ச் செய்தித்தாள் தொட்டால் அப்பளம். அதோடு, நறுக்கிய செய்தித்தாளைக் கடிதத்தோடு சேர்த்து வைத்தால் பக்கத்திலிருக்கும் தாளையும் பழுப்பாக்கிவிடும். தனியே வையுங்கள். யூட்டாவின் வறண்ட காற்று காகிதத்துக்கு நல்லது, ஆனால் கராஜில் வைக்காதீர்கள். கோடையில் அது அடுப்பு.

இன்னொன்று. டின்னையும், கட்டியிருந்த கயிற்றையும், உறைகளையும் எறியாதீர்கள். இந்த ஊருக்கு ஏன் அது முக்கியம் என்றால், மார்க் ஹாப்மன். 1980-லிருந்து ஐந்து வருடம் ஆரம்பகால மார்மன் கடிதங்களைத் தானே எழுதி, சபைக்கும் சேகரிப்பாளர்களுக்கும் விற்றவன். சாயம் வெளுக்கப் போகிறது என்றதும் 1985 அக்டோபரில் குண்டு வைத்து இரண்டு பேரைக் கொன்றான். அவனுடைய மையை நுண்ணோக்கியில் பார்த்தபோது வறண்ட ஏரி மாதிரி வெடித்திருந்ததாம், செயற்கையாகப் பழசாக்கியதால். அதற்கப்புறம் இங்கே பழைய கடிதம் என்றாலே முதல் கேள்வி, "யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது?" பாட்டியிடம் அதை இப்போதே கேட்டு எழுதி வாங்குங்கள். தங்கை கட்டி எடுத்து வந்த கதை இருக்கிறதே, அது அந்தக் கடிதத்தின் பாதி உயிர்.

செயின்ட் ஜார்ஜிலிருந்து

மூலமே போய்விட்ட கதையும் ஒன்று இருக்கட்டும். எங்கள் வீட்டுச் சொந்தக்காரர் ஒரு தட்டச்சுப் பிரதி வைத்திருக்கிறார், கொள்ளுத்தாத்தாவின் நாட்குறிப்பு. மூலம் வீடு எரிந்தபோது போய்விட்டது. பிரதி எப்படி வந்தது என்றால், 1930களின் பொருளாதார மந்தத்தில் அரசு நிவாரணக் கூலி கொடுத்த சமயம், இதே ஊர்க்காரரான ஹுவானிடா புரூக்ஸ் வீடு வீடாக நாட்குறிப்புகளை இரவல் வாங்கி, பெண்களைக் கொண்டு தட்டச்சு செய்ய வைத்தார். பின்னாளில் பெரிய வரலாற்றாசிரியர் ஆனவர். அப்போது மூலத்தோடு பிரதியையும் வாங்கி வைத்துக்கொண்ட வீடு பிழைத்தது. ஆனால் அதில் சில இடங்களில் மூன்று புள்ளிகள். தட்டச்சு செய்தவருக்குப் புரியவில்லையா, வேண்டாமென்று விட்டாரா, இனி யாரைக் கேட்பது?

மறுபடி லீஹையிலிருந்து

எல்லோருக்கும் நன்றி. டேப் துண்டு குப்பைக்குப் போகவில்லை. ஸ்கேனர் மூடியின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. பாட்டியோடு உட்கார்ந்து பதினாறு கடிதங்களையும் 600 டிபிஐ துல்லியத்தில் ஸ்கேன் எடுத்து முடித்தோம். டின் வந்த வழியை அவர் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். தங்கை, அவள் மகள், பிறகு ஒரு மருமகள் ("அவளுக்குத்தான் பொறுப்பு இருந்தது"), பாட்டியின் அம்மா, பாட்டி. மூலத்தை சால்ட் லேக் சிட்டியில் சபையின் வரலாற்று நூலகத்துக்குக் கொடுக்கலாமா என்று யோசிக்கிறார். மகன் வேண்டாம் என்கிறானாம். அது அவர்கள் வீட்டு விஷயம்.

நான் பிய்த்த வார்த்தை இடவலம் மாறித் தெரிந்தது, முகம் பார்க்கும் கண்ணாடியில் காட்டிப் படித்தோம். 'மாவு'. உறைமேல் கடிதத் தேதியையும் வரியையும் பாட்டியே பென்சிலால் எழுதினார். கீழே, நான் கேட்காமலே, "டேப் ஒட்டியது அம்மா, உரித்தது பக்கத்து வீட்டுப் பையன்" என்றும் சேர்த்தார்.