சைனீஸ் உணவகத்தின் தரத்தை எதைச் சாப்பிட்டு அறிவது?

குரோம்பேட்டைவாசி கேட்டது:

எங்கள் தெருமுனையில் ஆறு மாதங்களுக்கு முன்பு ஒரு சைனீஸ் உணவகம் திறந்தார்கள். மாதம் இருமுறையாவது குடும்பத்துடன் போகிறோம். என் மகளுக்கு அங்குள்ள சில்லி சிக்கன் மிகவும் பிடிக்கும். என் தாயாரோ, "பெயர்தான் வேறு, எல்லாம் ஒரே ருசி" என்கிறார். சீனாவில் சாப்பிட்டு வந்த நண்பர், இது சீன உணவே அல்ல என்று ஒரேயடியாகத் தள்ளிவிட்டார். அந்த அளவுகோல் எனக்கு உதவவில்லை. நம் ஊர் சைனீஸ் கடையை அதற்குரிய முறையில் எப்படி மதிப்பிடுவது?

வாணலி எழுதியது:

இத்தகைய சமையலறைகளில் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். உங்கள் தாயாரின் நாக்கு சரியாகவே கணித்திருக்கிறது. சோயா சாஸ், வினிகர், மிளகாய் சாஸ், சோள மாவு எல்லாவற்றையும் முன்கூட்டியே ஒன்றாகக் கலந்து வைத்து, சில்லி, மஞ்சூரியன், கார்லிக் என எதைக் கேட்டாலும் அதிலிருந்தே ஊற்றும் கடைகள் உண்டு. மஞ்சூரியன் என்பது 1975 வாக்கில் மும்பையில் சமையல்காரர் நெல்சன் வாங் உருவாக்கியதாகச் சொல்லப்படும் உணவு. இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாயை வதக்கி, கரம் மசாலாவுக்குப் பதில் சோயா சாஸ் சேர்த்ததே அதன் அடிப்படை. ஆகவே அதில் பொடியாக நறுக்கிய இஞ்சி பல்லில் கடிபட வேண்டும். செஷ்வான் என்றால் காய்ந்த மிளகாயும் பூண்டும் முன்னே நிற்க வேண்டும்.

ஆனால் முதல் முறை போகும்போது இவற்றைக் கேட்காதீர்கள். சாஸ் பல குறைகளை மறைத்துவிடும். முட்டை ஃபிரைட் ரைஸ் மட்டும் வாங்கிப் பாருங்கள். சோறு பொலபொலவென்று உதிர வேண்டும், முட்டை சிறு துணுக்குகளாகச் சோற்றோடு ஒட்டியிருக்க வேண்டும், வெங்காயத்தாள் நிறம் மாறாமல் இருக்க வேண்டும். சாப்பிட்டு முடித்த தட்டில் எண்ணெய் குளம்போல் நின்றால் அடுப்பின் சூடு போதவில்லை என்று பொருள். கடும் தீயில் ஓரிரு தட்டுக்கான சோற்றை மட்டும் போட்டுப் புரட்டும்போது எழும் அந்த இலேசான புகை மணத்தைத் தென்சீனத்துக் கண்டோனியர்கள் 'வொக் ஹெய்' என்பார்கள். பத்துத் தட்டுச் சோற்றை ஒரே வாணலியில் கொட்டினால் சோறு வறுபடாது, ஆவியில் வெந்து குழைந்துவிடும்.

நுண்ணோக்கி எழுதியது:

வாணலி ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். உதிரியாக வரவேண்டும் என்பதற்காக முன்பே வடித்து ஆறவைத்த சோற்றைத்தான் ஃபிரைட் ரைஸுக்குப் பயன்படுத்துகிறார்கள். அதைக் குளிர்பெட்டியில் வைக்காமல் மணிக்கணக்கில் வெளியே விட்டால், வேகவைத்தும் சாகாத பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் முளைத்துப் பெருகி, நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு மீண்டும் வறுத்தாலும் அழியாது. 1971இல் பிரிட்டனில் ஃபிரைட் ரைஸ் சாப்பிட்டவர்கள் வாந்தியால் அவதிப்பட்டதை ஆராய்ந்தபோதுதான் இந்தத் தொடர்பு தெளிவானது. எனவே சோற்றை எங்கே வைக்கிறீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள். தட்டைத் துடைத்த வெள்ளைத் தாளில் பளீரென்ற சிவப்புப் படிந்தால், செயற்கை நிறமி சேர்த்திருக்கலாம் என்று ஐயப்பட இடமுண்டு. கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறமிகளைச் சேர்க்கக் கர்நாடக அரசு 2024 மார்ச் மாதம் தடை விதித்ததை இங்கு நினைவூட்டுகிறேன். 'அஜினமோட்டோ சேர்ப்பதில்லை' என்ற பலகையை மட்டும் தரத்துக்குச் சான்றாகக் கொள்ள வேண்டாம். அந்தச் சுவையைத் தரும் குளூட்டமேட் தக்காளியிலேயே இயற்கையாக இருக்கிறது.

குரோம்பேட்டைவாசி எழுதியது:

இருவருக்கும் நன்றி. நேற்று மாலை கூட்டம் சேருமுன் போய் முட்டை ஃபிரைட் ரைஸ் வாங்கினோம். சோறு நன்றாக உதிர்ந்தது, புகை மணமும் இருந்தது. சோற்றைக் குளிர்பெட்டியில் வைப்பதைச் சமையல்காரரே அழைத்துப்போய்க் காட்டினார். மஞ்சூரியனில் மட்டும் இஞ்சித் துண்டு ஒன்றுகூட அகப்படவில்லை. அடுத்த முறை அதைத் தனியாக வதக்கிச் செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். என் தாயாரையும் அழைத்துப் போகிறேன்.