கொடைக்கானல் குட்டிப் பப்பாளி காரைக்குடியில் காய்க்குமா?

காரைக்குடிக்காரன்:
போன மாதம் கொடைக்கானலில் ரோட்டோரக் கடையில் உள்ளங்கையில் அடங்குகிற ஒரு மஞ்சள் பழம் வாங்கினேன். மேலே அஞ்சு வரப்பு, வண்டி முழுக்க வாசனை. கடைக்கார அம்மா பப்பாளி வகைதான் என்றார். அறுத்துத் தின்றால் சதை கெட்டி, இனிப்பே இல்லை, ஏமாந்துவிட்டேனோ என்று இருந்தது. விதையைக் கழுவிக் காயவைத்திருக்கிறேன், தொட்டால் முள்முள்ளாக இருக்கிறது. நம்ம செம்மண்ணில் கிணற்றோரம் போட்டால் வருமா?

மலைக்காடு:
அது மலைப்பப்பாளி அண்ணே. கொலம்பியா, எக்வடார் பக்கம் ஆண்டிஸ் மலையில் பிறந்தது. நம்ம பப்பாளிக்குப் பங்காளி, ஆனால் இனம் வேறு, வாஸ்கான்செல்லியா என்பார்கள். இலையைத் திருப்பித் தடவினால் அடியில் மெல்லிய ரோமம் இருக்கும். நீங்கள் தின்ற விதம்தான் தப்பு. விதையைச் சுற்றி இருக்கும் வழவழப்பைச் சப்ப வேண்டும், சதையைச் சர்க்கரைப் பாகில் வேகவைக்க வேண்டும், வெந்தாலும் குழையாது. சிலி நாட்டில் லா செரீனா ஊரில் இப்படிப் பாகில் போட்டு டின்னில் அடைத்தே விற்கிறார்கள்.

தேவகோட்டை ஆச்சி:
தம்பி, நான் போட்டுப் பார்த்தாச்சு. தை வரைக்கும் தளதளவென்று வந்தது, பங்குனி வெயில் ஏறியதும் இலை ஓரம் கருகி, சித்திரையில் ஒவ்வொன்றாகப் போய்விட்டது. வளவு நிழலில் தொட்டியில் வைத்த ஒன்று மட்டும் அடுத்த மழை வரை கிடந்தது, பூவோடு சரி. ஆனால் மகள் கொடைக்கானலிலிருந்து கொண்டுவந்த செங்காயில் மண்டி வைத்தேன், மாங்காய் மண்டி மாதிரியே அரிசி கழுவின தண்ணீரில், புளியைக் குறைத்து. நன்றாகவே இருந்தது. காயில் பால் நிறைய, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு அறுக்கணும், இல்லாவிட்டால் அரிக்கும்.

காரைக்குடிக்காரன்:
லா செரீனா கடலோர ஊராச்சே, அங்கே மட்டும் எப்படி?

மலைக்காடு:
அந்தக் கடலில் குளிர்நீரோட்டம் ஓடுகிறது, கோடையிலும் வெயில் உறைக்காது. இந்தச் செடிக்குக் குளுமை வேண்டும், மற்றதெல்லாம் பிறகுதான். வேரில் தண்ணீர் தேங்கினாலும் அழுகிவிடும், அதனால் தொட்டியில் வைத்தாலும் அடியில் ஓட்டை அடைக்காமல் பாருங்கள். பப்பாளித் தோட்டங்களைக் காலி பண்ணுகிற வளையப்புள்ளி வைரஸை இது எதிர்த்து நிற்கும், அதற்காகவே ஆராய்ச்சிக்காரர்கள் இந்தப் பங்காளி வகைகளை நம்ம பப்பாளியோடு கலப்பினம் செய்து பார்க்கிறார்கள்.

காரைக்குடிக்காரன்:
சரி ஆச்சி, நாலு விதையை மட்டும் வளவில் தொட்டியில் போடுகிறேன், மிச்சம் கொடைக்கானல் மலையில் பண்ணைக்காடு ஊரில் இருக்கிற மச்சானுக்கு. காய்த்தால் மண்டிக்குக் காய் அவர்தான் அனுப்பணும்.