கேஷ்ங்கிற வார்த்தை நம்ம காசுல இருந்து போனதா?

வைகைக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். என் தங்கச்சி பொண்ணு எட்டாவது படிக்கிறா, ஸ்கூல்ல தமிழ்ல இருந்து இங்கிலீஷுக்குப் போன வார்த்தைகள் பத்தி பேசணுமாம். கட்டுமரம், மிளகுதண்ணி, சுருட்டு எல்லாம் எழுதிட்டா, கடைசியா காசுதான் கேஷ் ஆச்சுன்னு போட்டிருக்கா. வாட்ஸ்அப்ல நானும் பல தடவை பாத்திருக்கேன், ஆனா மேடையேறி சொல்றதுக்கு முன்னாடி யாராவது தெரிஞ்சவங்க சரியான்னு சொன்னா நிம்மதியா இருக்கும்.

பழைய_ஏடு:
பாதி சரிங்க, அந்தப் பாதியத்தான் கவனமா சொல்லணும். இங்கிலீஷ்ல கேஷ்னு ரெண்டு தனித்தனி வார்த்தை இருக்கு, எழுத்து ஒண்ணு, பொறந்த ஊரு வேற. இன்னைக்கு பேங்க்ல, கடையில சொல்ற கேஷ் லத்தீன் காப்ஸால இருந்து வந்தது, அதுக்கு அர்த்தம் பெட்டி. அது இத்தாலியன்ல காஸா, பிரெஞ்சுல கெஸ்னு ஆகி 1590கள்ல இங்கிலீஷுக்குள்ள வந்துச்சு, முதல்ல பணம் வைக்கிற பெட்டிக்கும் சொன்னாங்க, அப்புறம் பெட்டியில இருக்கற பணத்துக்கே பேரு ஆயிடுச்சு. சாமான் வைக்கிற கேஸ், மாத்திரை கேப்ஸ்யூல் எல்லாம் இதோட சொந்தக்காரங்கதான்.
இன்னொரு கேஷ்தான் நம்மளோடது. போர்ச்சுகீஸ்காரங்க இங்க வந்து காசுன்னு கேட்டத கைஷான்னு எழுதிக்கிட்டாங்க, அவங்க மொழியில பெட்டிக்கும் கைஷாதான் பேரு, அதனாலதான் இந்தக் குழப்பமே. அங்கிருந்து இங்கிலீஷுக்குப் போய், நடுவுல சதுர ஓட்டை போட்ட சீனாக்காரங்க செப்புக்காசுக்கு இன்னைக்கும் அகராதியில கேஷ்னுதான் பேரு. சீனாக்காரங்க காசுக்கு இங்கிலீஷ்ல நம்ம சொல்லு! அந்தப் பிள்ளைய இதச் சொல்லச் சொல்லுங்க, இதுல நமக்கு ஒரு குறையும் இல்ல.

செப்புக்காசு:
மேல சொன்னதுக்கு சாட்சி என் கையிலயே இருக்கு. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரங்க மெட்ராஸ் மாகாணத்துக்குன்னு இங்கிலாந்துல அடிச்ச 1808ஆம் வருஷத்து 20 கேஷ் செப்புக்காசு ஒண்ணு வச்சிருக்கேன். ஒரு பக்கம் ரெண்டு சிங்கம் புடிச்ச கம்பெனி கேடயம், இன்னொரு பக்கம் பாரசீக எழுத்து, அதுக்குக் கீழ ரோமன் எண்ணுல 20 போட்டு கேஷ்னு இங்கிலீஷ்ல இருக்கும். இந்த மாதிரி காசு ஏத்திட்டு வந்த அட்மிரல் கார்ட்னர்ங்கிற கப்பல் 1809 ஜனவரியில இங்கிலாந்து கரை தாண்டறதுக்குள்ள குட்வின் மணல்திட்டுல மூழ்கிடுச்சு, 1980கள்ல நிறைய காச வெளிய எடுத்தாங்க.
அப்ப மெட்ராஸ் கணக்கு 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். அந்தப் பணத்தத்தான் அவங்க ஃபனம்னு எழுதினாங்க. 1818ல ரூபாய்க்கு மாறிட்டாங்க. திருவிதாங்கூர்ல காசு அதுக்கப்புறமும் ரொம்ப நாள் ஓடுச்சு, அங்க 16 காசு ஒரு சக்கரம்.

மெஸ்_மாணிக்கம்:
பெட்டின்னதும் ஒண்ணு தோணுச்சு, நான் இருபது வருஷமா ஹோட்டல் வேலையில இருக்கேன், நாங்க பில்ல கேஷ்ல குடுங்கன்னா பணமா குடுங்கன்னு அர்த்தம் இல்ல, அங்க பெட்டிகிட்ட இருக்கறவர்கிட்ட குடுங்கன்னுதான், முதலாளி கேஷ்ல உக்காந்திருக்காருன்னும் சொல்லுவோம். இங்கிலீஷ்காரங்க விட்ட பெட்டி அர்த்தத்த நாங்க தெரியாமலே திரும்பப் புடிச்சிருக்கோம் போல! கல்லாவும் அப்படித்தான, பெட்டிக்கும் கல்லா, ராத்திரி எண்ற பணத்துக்கும் கல்லா.

வைகைக்கரை:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும், அண்ணே அந்த கேஷ்ல குடுங்க உதாரணத்த அவ அப்படியே எழுதிக்கிட்டா. இன்னொரு கேள்வி, காசுன்னா நம்மகிட்டயே ஆதியில இருந்து நாணயம்தானா?

பழைய_ஏடு:
பழைய பாட்டுல நூல்ல கோக்குற பொன்மணிக்கும் காசுன்னுதாங்க பேரு. குறுந்தொகை 67ல பாருங்க, கிளி தன் வளைஞ்ச அலகுல பழுத்த வேப்பம்பழத்த வச்சிருக்கும், அது எப்படி இருக்குன்னா புது நூல் கோக்குறவன் கூரான நகத்துக்கு நடுவுல ஒரு பொற்காசப் புடிச்சிருக்கற மாதிரி இருக்காம். நல்லா பழுத்த வேப்பம்பழத்த ஒரு தடவை நகத்தால புடிச்சுப் பாருங்க, அந்த மஞ்சளும் அந்த உருண்டையும் அப்படியே இருக்கும். உங்க வீட்டுல யாருகிட்டயாவது காசுமாலை இருந்தா அந்தப் பிள்ளைகிட்ட காட்டுங்க.