எகிப்துக் கொடியில் சலாஹுத்தீன் கழுகு எப்படி வந்தது?

கேள்வி:
எகிப்துக் கொடியின் நடுவில் இருக்கும் தங்கக் கழுகை சலாஹுத்தீன் கழுகு என்கிறார்கள். ஆனால் 12ஆம் நூற்றாண்டுச் சுல்தானான அவர் குர்து இனத்தவர், பிறந்தது ஈராக்கின் திக்ரித்தில், அடக்கமாகியிருப்பது டமாஸ்கஸில் உமையா பள்ளிவாசலை ஒட்டி. அப்படியிருக்க எகிப்துக்கு என்ன உரிமை? 1187இல் சிலுவைப்போர்க்காரர்களிடமிருந்து ஜெருசலேத்தை மீட்டார் என்ற பெருமை மட்டும்தானா?

பதில் 1:
பெருமை மட்டும் இல்லை, அவர் ஆட்சிக்கு வந்ததே எகிப்தில்தான். 1169இல் சித்தப்பா ஷிர்கூ இறந்ததும் அப்போது எகிப்தை ஆண்ட ஷியா வம்சமான பாத்திமியரின் கலீஃபாவுக்கு வஜீர் (தலைமை அமைச்சர்) பதவி இவருக்கு வந்தது, இரண்டே வருஷத்தில், 1171இல், அந்தக் கலீஃபா ஆட்சியையே முடித்துவிட்டார். அப்புறம் 1176இல் முகத்தம் குன்றை ஒட்டி கெய்ரோ கோட்டையைத் தொடங்கினார். அவர் காலத்தில் அது முடியவில்லை, ஆனால் 19ஆம் நூற்றாண்டில் அப்போதைய ஆட்சியாளர் கெதிவ் இஸ்மாயில் கெய்ரோவின் ஆப்தீன் அரண்மனைக்கு மாறும்வரை எகிப்தை ஆண்டவர்கள் பெரும்பாலும் அங்கேதான் இருந்தார்கள். எனக்கு இதுதான் பெரிய தொடர்பு, கழுகு அப்புறம்தான்.

பதில் 2:
கழுகைப் பற்றிக் கொஞ்சம் கவனமாகப் பேச வேண்டும். கோட்டையின் மேற்குச் சுவரில் தலை உடைந்த ஒரு கழுகுச் சிற்பம் இருக்கிறது, அதை வைத்துத்தான் இந்தப் பெயர். அது அவருடைய சொந்தச் சின்னம் என்பதற்கு அவர் காலத்துச் சான்று எதுவும் இல்லை. மன்னராட்சியைக் கவிழ்த்த 1952 புரட்சிக்குப் பிறகு வந்தவர்கள்தான் அதை நாட்டுச் சின்னமாக்கினார்கள். சிலுவைப்போர்க்காரர்களை வென்றவர், எகிப்தையும் சிரியாவையும் ஒரே ஆட்சியில் கொண்டுவந்தவர் என்பதால் அரபு ஒற்றுமை பேசிய அதிபர் நாசர் காலத்துக்கு அவர் நன்றாகப் பொருந்தினார். 1972இல் கழுகை எடுத்துவிட்டுக் குறைஷிப் பருந்தை (நபிகளின் குலமான குறைஷியரின் பெயரில் அமைந்த சின்னம்) வைத்தார்கள், 1984இல் கழுகு திரும்பி வந்தது.

கேள்வி கேட்டவர்:
சரி, இந்த 1972 விஷயம் எனக்குத் தெரியாது. ஈராக்கின் சின்னத்திலும் அதே கழுகு இருக்கிறதே?

பதில் 2:
ஆமாம், 1965இல் இருந்து. திக்ரித் இருக்கும் மாகாணத்துக்கே சலாஹுத்தீன் என்றுதான் பெயர். ஏமனும் பாலஸ்தீனமும்கூட இதே கழுகை வைத்திருக்கின்றன. அதனால் இது எகிப்துக்கு மட்டும் சொந்தம் என்று சொல்ல முடியாது.

பதில் 1:
கெய்ரோ போனால் கோட்டைக்குள் இருக்கும் யூசுப் கிணற்றைப் பற்றிக் கட்டாயம் விசாரியுங்கள். முற்றுகை வந்தாலும் தண்ணீருக்குத் தட்டுப்பாடு வரக்கூடாது என்று அவர் காலத்தில் பாறையைக் குடைந்து இறக்கியது, ஆழம் ஏறக்குறைய 90 மீட்டர், மாடுகளை வைத்து இரண்டு கட்டமாக இறைத்தார்கள். பெயரைக் கேட்டதும் யூசுப் நபியின் கிணறு என்று நினைப்பவர்கள் உண்டு, சலாஹுத்தீனின் இயற்பெயரே யூசுப்தான்.