"பையன் எந்த ஸ்கூல்?": வீட்டிலேயே கற்கும் பிள்ளைகள், உங்கள் அனுபவம்

பிரிக்பீல்ட்ஸ் அம்மா

போன வாரம் நடந்தது, இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. செந்தூல் பக்கம் சொந்தக்காரர் கல்யாணம். பந்தியில் ஒரு பெரியம்மா என் மகனைக் கூப்பிட்டு, மேடையில் தொங்கிய பேனரைக் காட்டி, "எட்டு வயசாச்சே, எங்கே அதைப் படி பார்ப்போம்" என்றார். அவனுக்குத் தமிழ் இன்னும் சரளமாகப் படிக்க வராது. அவன் பேனரைப் பார்க்கவே இல்லை, என் முகத்தைத்தான் பார்த்தான்.

நான் வாடினால் தன்னிடம் ஏதோ குறை என்று அந்த இடத்திலேயே முடிவு கட்டிவிடுவான். அதனால் அவனைப் பார்த்துச் சிரித்தேன். "ரயிலைப் பத்திக் கேளுங்க பெரியம்மா" என்றேன். கிளானா ஜெயா தடத்து எல்.ஆர்.டி. ரயிலுக்கு ஓட்டுநர் இல்லை, பாசார் செனி நிலையத்தை விட்டதும் தரைக்கு அடியில் போகும், அம்பாங் பார்க் தாண்டித்தான் மேலே வரும் என்று அவன் ஆரம்பித்ததும் பக்கத்து இலைத் தாத்தா சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டார். பெரியம்மா மட்டும், "அதெல்லாம் சரி, படிக்கணுமே" என்றார். ரயிலின் முன்கண்ணாடி பக்கம் நின்று நிலையப் பெயர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் அவன் மலாய் படிக்கவே கற்றான். அதைச் சொல்வதற்குள் பாயசம் வந்துவிட்டது.

ஆயர் ஈத்தாம் அப்பா

எங்களுக்கு இது பஸ்ஸில் நடக்கும். வார நாள் காலையில் மகளோடு ஏறினால் யாராவது, "இன்னிக்கு ஸ்கூல் இல்லையாம்மா?" என்று கேட்பார்கள். ஒருமுறை ஒரு பெரியவர் கேட்டதும் நான் பதில் தேடிக்கொண்டிருந்தேன். அவளே முந்திக்கொண்டு, "பூ மலைக்குப் போறோம் தாத்தா, கண்ணாடிக் குரங்கு குட்டி போட்டிருக்கு. அம்மா சாம்பல் நிறம், குட்டி மட்டும் ஆரஞ்சு நிறம்" என்றாள். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் இருப்பதால் அந்தக் குரங்குக்கு அவள் வைத்த பெயர் அது. பெரியவர் இறங்கும்வரை அவளிடம் கேட்டுக்கொண்டே வந்தார். குட்டியின் நிறம் எப்போது மாறும் என்று அவர் கேட்டதற்கு அவளுக்குப் பதில் தெரியவில்லை. அன்று மாலை அதைத்தான் தேடினோம். சில மாதங்களில் சாம்பல் நிறத்துக்கு மாறிவிடுமாம்.

ஓய்வுபெற்ற டீச்சர்

தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவள் நான். புத்தகத்தை மூக்குக்கு நேராகப் பிடித்துப் படித்த ஒரு பையனை எல்லோரும் மந்தம் என்றார்கள். கண்ணாடி போட்டதும் பலகையைப் பார்த்து, "டீச்சர், அங்கே எழுத்து இருக்கு" என்றான். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

பிரிக்பீல்ட்ஸ் அம்மா, நீங்கள் சிரித்தது நல்லது. ஆனால் நல்லபடியாக நினைத்தால் மட்டும் போதாது. எட்டு வயதில் எழுத்து தடுமாறினால் முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். எழுத்துகள் இடம் மாறித் தெரிகின்றனவா, ஒரே சொல்லை ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கூட்டிப் படிக்கிறானா என்று கவனியுங்கள். அப்படி இருந்தால் டிஸ்லெக்சியா (எழுத்தைப் படிப்பதில் வரும் சிரமம்) சோதனைக்குக் கூட்டிப் போங்கள், தள்ளிப் போடாதீர்கள். அப்புறம் சட்டம். 1996 கல்விச் சட்டத்தில் 2002-இல் செய்த திருத்தத்தால் 2003 முதல் மலேசியாவில் ஆரம்பப் பள்ளி கட்டாயம். மீறினால் 5,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். வீட்டில் வைத்துக் கற்பிக்கக் கல்வி அமைச்சிடம் விலக்கு வாங்க வேண்டும். கடிதம் கையில் இருக்கிறதா?

ஜாலான் ஈப்போ

டீச்சர், சட்டம் பற்றிச் சொன்னது சரி, கண் பரிசோதனையும் சரி. ஆனால் அந்தம்மா பையனுக்கு நோய் இருக்கிறதா என்று கேட்கவே இல்லையே! மலாய் படிக்கும் பிள்ளைக்குத் தமிழ் கொஞ்சம் தாமதமாக வருகிறது, அவ்வளவுதான். ஒரு பார்வையில் அந்தப் பிள்ளை ஒடிந்து போகாமல் காப்பாற்றியிருக்கிறார், அது சின்ன வேலையா?

நான் காலையில் பயத்தோடு எழுந்தால் மகளைச் சோதிக்க ஆரம்பித்துவிடுவேன். "இது என்ன எழுத்து, அது எத்தனை" என்று கேட்பேன், அவள் சுருங்கிப் போவாள். இன்று இவள் எதில் மூழ்கியிருக்கிறாள் என்று பார்ப்பதாகத் தீர்மானித்து எழுந்தால் நாளே வேறு மாதிரி போகும். இந்தத் தீர்மானத்தைத் தினமும் எடுக்க வேண்டியிருக்கிறது, தானாக வருவதில்லை.

"படிப்பில்லாத வீடு" என்று புலம்பும் என் மாமியார் ஒரு மத்தியானம் அவளோடு பல்லாங்குழி ஆடினார். குழிக்கு 5 காய். அவள் ஒரு குழியை அள்ளப் போய், கையை அப்படியே நிறுத்தி, எதிர்ப்பக்கக் குழிகளைக் கண்ணாலேயே எண்ணி, அதை விட்டுவிட்டு அடுத்ததை அள்ளினாள். கடைசிக் காய் எங்கே விழும் என்று போடுவதற்கு முன்பே பார்த்துவிட்டாள். மாமியார் என்னைத் திரும்பிப் பார்த்து, "இதை யாரு சொல்லிக் கொடுத்தா?" என்றார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அத்தை ஆடுவதைப் பார்த்தே பிடித்திருக்கிறாள்.

பட்டர்வொர்த்

எங்கள் பெரியவன் பதினைந்து வயதில் தானே வந்து, "ஐ.ஜி.சி.எஸ்.இ. எழுதறேன்" என்றான். பதினாறு வயது வாக்கில் எழுதும் அனைத்துலகப் பள்ளித் தேர்வு அது. மீன்பிடித் தூண்டிலும் கிட்டாருமாக இருந்த பையன். பாடப் புத்தகத்தை அவனே வாங்கி வந்து மேசையில் வைத்த அந்தச் சத்தத்தில் என் மனைவி அழுதுவிட்டார்.

சின்னவளுக்கு இப்போது ஆறு வயது. டீச்சர் சொன்ன விலக்குக்கு நாங்களும் எழுதப் போகிறோம். பினாங்கில் அண்மையில் வாங்கியவர்கள் யாராவது இருந்தால், என்னென்ன தாள் கேட்டார்கள், நேரில் கூப்பிட்டார்களா என்று சொல்லுங்கள்.